மூலத்துக்குச் சுட்டி தாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாக வலைப்பதிவு தொடங்குவோருக்கு ஆலோசனை கூறித் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். எழுத்துரு, பக்க வடிவமைப்பு, தலைப்பிடும் முறை ஆகியவை பற்றி அதில் சொல்லப்பட்டவை பயனுள்ளவை. ஆனால் பிற தளங்களுக்குச் சுட்டி (லிங்க்) கொடுப்பதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும், கொடுத்தால் வாசகர் நம் பக்கத்தை விட்டு வெளியேறிவிடுவார் என்ற பொருளில் அமைந்திருந்த அறிவுரையை என்னால் ஏற்க இயலவில்லை. எழுதத் தொடங்கும் இளைஞர்கள் நாளிதழில் வந்தது என்பதாலேயே அதை ஒரு விதியாக எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இந்த அச்சம் எங்கிருந்து வருகிறது என்பது புரியாமல் இல்லை. ஒரு பக்கத்தில் வாசகர் எத்தனை நொடி தங்குகிறார், அதே தளத்தில் மேலும் எத்தனை பக்கங்களைத் திறக்கிறார் என்ற கணக்கைக் கொண்டே விளம்பர வருவாய் பெரும்பாலும் அமைகிறது. அந்தக் கணக்கையே நாள்தோறும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒவ்வொரு வெளிச்சுட்டியும் ஓர் ஓட்டையாகத் தெரிவதில் வியப்பில்லை. ஆனால் பின்செல்லும் பொத்தானும் பக்கத்தை மூடும் குறியும் உலாவியில் எப்போதும் இருக்கத்தான் செய்கின்றன. போக நினைப்பவர் சுட்டி இல்லை என்பதற்காகத் தங்கிவிடப் போவதில்லை. அவர் ஐயத்தோடு போகிறாரா, நிறைவோடு போகிறாரா என்பது மட்டுமே எழுதியவரின் கையில் இருக்கிறது. இணையத்தில் மக்கள் மிகுதியாகத் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் ஒன்று தேடுபொறி. வந்தவரை வேறிடத்துக்கு அனுப்பிவைப்பதற்காகவே அது உருவாக்கப்பட்டது. சரியான இடத்துக்கு அனுப்பியது என்பதற்காகவே மறுநாளும் அங்கே வந்தார்கள்.

வலைப்பதிவு என்ற வடிவமே சுட்டியிலிருந்துதான் பிறந்தது என்பதையும் அக்கட்டுரையாளர் மறந்துவிட்டார் என்று தோன்றுகிறது. 1997ஆம் ஆண்டு டிசம்பரில் ஜோர்ன் பார்கர் என்பவர் தம் பக்கத்துக்கு ‘வெப்லாக்’ என்று பெயரிட்டபோது, அது அவர் இணையத்தில் படித்தவற்றுள் பிறருக்கும் காட்டத் தக்கவை என்று கருதியவற்றின் பட்டியலாகவே இருந்தது. அதற்கும் முன்பு, 1989இல் ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகமான செர்னில் டிம் பெர்னர்ஸ்-லீ, பின்னாளில் வையவிரிவு வலையாக வளர்ந்த தம் திட்டத்தை முன்வைத்ததன் காரணமே, ஆய்வாளர்கள் வந்து போய்க்கொண்டே இருந்த அந்நிறுவனத்தில் எந்த ஆவணம் எதனோடு தொடர்புடையது என்ற செய்தி அவர்களோடு சேர்ந்து காணாமற்போய்க்கொண்டிருந்ததுதான். ஆவணங்கள் அங்கு இருந்தன, அவற்றுக்கிடையே வழிதான் இல்லை. அவர் அமைத்த சுட்டி ஒருவழிப்பட்டது. 1965இல் மீயுரை (ஹைப்பர்டெக்ஸ்ட்), அதாவது சுட்டிகளால் இணைக்கப்பட்ட எழுத்து என்ற கருத்துக்குப் பெயர் தந்த டெட் நெல்சன் இருபுறமும் அறியக்கூடிய சுட்டியை விரும்பினார். அதற்குச் சுட்டுபவரையும் சுட்டப்படுபவரையும் சேர்த்துப் பதிந்துவைக்க ஏதேனும் ஓர் ஏற்பாடு வேண்டும். பெர்னர்ஸ்-லீ அதைக் கைவிட்டதால், யாருடைய அனுமதியும் இன்றி எவரும் எவரையும் சுட்டலாம் என்றாயிற்று. சுட்டப்பட்ட பக்கம் மறைந்தாலும் சுட்டியவருக்குத் தெரியாமற்போகும் என்ற குறையும் அதனுடன் சேர்ந்தே வந்தது. அக்குறையைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

சுட்டியால் வாசகர் பெறும் முதல் பயன் சரிபார்க்கும் வாய்ப்பு. “ஆய்வு ஒன்று தெரிவிக்கிறது”, “நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது”, “அரசாணையில் குறிப்பிடப்பட்டுள்ளது” என்று எழுதிவிட்டு அந்த ஆய்வையோ தீர்ப்பையோ ஆணையையோ காட்டாமல் விடும்போது, எழுதியவரை நம்புவதைத் தவிர வாசகருக்கு வேறு வழி இல்லாமற்போகிறது. அச்சுத்தாளில் அதற்கு இடமில்லை என்று சொல்ல ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. மூல ஆவணம் அதே திரையில், ஒரு தொடுதலின் தொலைவில் இருக்கையில் அதைக் காட்டாமல் விடுவதற்கு அந்த நியாயம் பொருந்தாது. தீர்ப்பு நாற்பது பக்கமாக இருக்கலாம். நூறு வாசகர்களில் இரண்டு பேர்தாம் அதைத் திறந்து பார்ப்பார்கள் என்றும் சொல்லலாம். திறந்து பார்க்கும் அந்த இருவரில் ஒருவர் சட்டம் படித்தவராக இருந்து, எழுதியவர் பிழையாகப் புரிந்துகொண்ட பத்தியைச் சுட்டிக்காட்டினால், மற்ற தொண்ணூற்றெட்டுப் பேரும் பயனடைகிறார்கள். திறக்காதவருக்கும் சுட்டி உதவுகிறது: இங்கே மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்பதை அது அவருக்குத் தெரிவித்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய பயன், சுட்டி எழுதுபவரையே ஒழுங்குபடுத்துவது என்பேன். இதை ஏனோ எவரும் அதிகம் பேசுவதில்லை. ஒரு கூற்றுக்குச் சுட்டி தர வேண்டுமானால் அதன் மூலத்தைத் தேடிச் செல்ல வேண்டும். தேடத் தொடங்கினால், நாம் படித்த செய்தி இன்னொரு செய்தியைச் சுருக்கியது என்பதும், அந்த இன்னொன்று ஒரு பத்திரிகைக் குறிப்பை அப்படியே எடுத்துப் போட்டது என்பதும், அந்தக் குறிப்புக்கும் பின்னால் இருக்கும் ஆய்வறிக்கை “தொடர்பு இருக்கக்கூடும்” என்று மட்டுமே சொல்லியிருப்பதும் ஒவ்வொன்றாகத் தெரியவரும். ஒவ்வொரு கையிலும் ஓர் ஐயச்சொல் உதிர்ந்து, கடைசியில் “உறுதிப்படுத்தப்பட்டது” என்று தலைப்பாகிவிடுகிறது. சுட்டி தரும் வழக்கம் உள்ளவர் இந்தச் சங்கிலியின் நடுவிலேயே நின்றுவிட முடியாது. இடைக்கண்ணி ஒன்றைச் சுட்டினால் அதைத் திறப்பவர் உடனே கண்டுகொள்வார். அவ்வாறு தேடியும் மூலம் கிடைக்காத கூற்றை எழுதாமல் விடுவதும், அல்லது மூலம் கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்வதும் நேர்மையான செயல்களே. சொல்லப்போனால், சுட்டி தேடிய பின்பு வெட்டி எறியப்படும் வாக்கியங்கள்தாம் ஒரு கட்டுரையின் தரத்தை மிகவும் உயர்த்துகின்றன. அவை யார் கண்ணிலும் படுவதில்லை என்பதால் எவரும் பாராட்டுவதில்லை, அவ்வளவுதான்.

பிறர் உழைப்பை மதிப்பது பற்றியும் இங்கே பேசியாக வேண்டும். யாரோ ஒருவர் கல்வெட்டு ஒன்றைப் படித்துப் பொருளெழுதியிருப்பார், மருத்துவர் ஒருவர் தம் துறை சார்ந்த ஐயங்களுக்கு வரிசையாக விளக்கம் எழுதியிருப்பார், மாணவி ஒருவர் கணக்குப் பாடத்தைப் படங்களோடு விளக்கியிருப்பார். அவை அப்படியே எடுக்கப்பட்டு, அடியில் “நன்றி: இணையம்” என்ற வரியோடு வேறோர் இடத்தில் தோன்றும். இணையம் எதையும் எழுதுவதில்லை. நன்றியை அது பெற்றுக்கொள்ளவும் இயலாது. “படித்ததில் பிடித்தது” என்று போடுகிறவருக்கு அதை எழுதியவர் யார் என்று தெரியாமல் இருக்கலாம், ஆனால் அதை முதன்முதலில் வெட்டி ஒட்டியவருக்குத் தெரிந்தேதான் இருந்தது. நூலாசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் நாம் தரும் மேற்கோள் மரியாதையை, வலையில் மட்டும் எழுதுபவருக்குத் தர மறுப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. பெயரை எழுதிவிட்டுச் சுட்டியைத் தவிர்ப்பதும் அரைகுறை மரியாதைதான். பெயர் பாராட்டைத் தெரிவிக்கும், வாசகரைக் கொண்டுபோய்ச் சேர்க்காது.

கொண்டுபோய்ச் சேர்ப்பது சிறிய தளங்களுக்கு உயிர்மூச்சு போன்றது. விளம்பரம் செய்யப் பணமோ ஆளோ இல்லாத தனிமனிதர் ஒருவர் நன்றாக எழுதுகிறார் என்பதை உலகம் அறிந்துகொள்ளும் வழி, அவரைப் படித்த இன்னொருவர் தம் பக்கத்தில் அவரைச் சுட்டுவதே. கூகுள் நிறுவனர்களான லாரி பேஜும் செர்கே பிரினும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வடிவமைத்து 1998இல் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறை இந்த மனித வழக்கத்தின் மீதுதான் கட்டப்பட்டது: ஒரு பக்கத்தை எத்தனை பேர் சுட்டுகிறார்கள், சுட்டுபவர்கள் எத்தகையவர்கள் என்பதைக் கொண்டு அதன் தகுதியைக் கணிக்கலாம் என்பதே அதன் அடிப்படை. ஆய்வுக் கட்டுரைகளில் மேற்கோள்களை எண்ணும் பழைய முறையின் தொடர்ச்சி அது. பின்னாளில் தேடுபொறிகள் வேறு பல அளவுகோல்களையும் சேர்த்துக்கொண்டன என்பது உண்மைதான். ஆனாலும், படித்துத் தேர்ந்த மனிதர்கள் ஒருவரையொருவர் சுட்டுவதை நிறுத்திவிட்டால், எது படிக்கத் தக்கது என்று இயந்திரத்துக்குச் சொல்லித்தரும் குரல்களில் முதன்மையான ஒன்று அடங்கிவிடும். விளம்பரத்துக்குச் செலவிடக்கூடியவர்களின் குரல் மட்டும் மிஞ்சும். இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: பிறருக்குச் சுட்டி கொடுத்தால் நம் பக்கமும் தேடலில் மேலேறிவிடும் என்று சிலர் ஆசை காட்டுவதுண்டு. அந்த வாதத்தை நான் முன்வைக்கவில்லை. ஆதாயத்துக்காக மட்டுமே தரப்படும் சுட்டிகள் எங்கே கொண்டுபோய் விட்டன என்பதை நாம் பார்த்திருக்கிறோம்: பின்னூட்டப் பெட்டிகள் எல்லாம் குப்பைச் சுட்டிகளால் நிறைந்து, 2005 ஜனவரியில் கூகுள், யாகூ, எம்எஸ்என் ஆகிய மூன்றும் சேர்ந்து, இதைப் பரிந்துரையாகக் கொள்ள வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் ‘நோஃபாலோ’ குறியை ஏற்கும் நிலை வந்தது.

சமூக ஊடகங்கள் இந்த வழக்கத்தை மேலும் நலிவுறச் செய்துவிட்டன. இன்ஸ்டாகிராமில் படத்தின் கீழே எழுதும் குறிப்பில் முகவரியை இட்டால் அது வெறும் எழுத்தாகவே கிடக்கும், தொட்டால் திறக்காது. 2022 டிசம்பரில் ட்விட்டர் நிறுவனம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், மாஸ்டடான் போன்ற தளங்களைத் தம் பயனர்கள் சுட்டக் கூடாது என்று அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் விரைவிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வாசகரை வெளியே விடாமல் வைத்திருப்பது அந்நிறுவனங்களின் வணிகத்துக்குத் தேவையாக இருக்கலாம். தன் சொந்தப் பக்கத்தில் எழுதும் ஒருவருக்கு அத்தகைய தேவை எதுவும் இல்லை. பிறர் வகுத்த வேலிகளை அவர் தம் நிலத்திலும் நட்டுக்கொள்ள வேண்டும் என்று அறிவுரை சொல்வதுதான் எனக்கு வருத்தமளிக்கிறது.

சுட்டியை எப்படித் தருவது என்பதிலும் கவனம் வேண்டும். எல்லாச் சொல்லுக்கும் சுட்டி போட்டு, பத்தி முழுவதையும் நீல நிறமாக்குவது எந்த வகையிலும் உதவி அல்ல. எதைத் திறப்பது என்று தெரியாமல் வாசகர் எதையும் திறக்கமாட்டார். எல்லோரும் அறிந்த ஊர்ப்பெயருக்கும் ஆண்டுக்கும் கலைக்களஞ்சியச் சுட்டி தேவையில்லை. ஐயம் எழக்கூடிய கூற்று, எண், மேற்கோள், பிறருடைய கருத்து, விரிவாகப் படிக்க விரும்புபவருக்கான மேல்விவரம் ஆகியவற்றுக்குத் தந்தால் போதும். சுட்டிக்கான சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது “இங்கே சொடுக்கவும்” என்று எழுதும் வழக்கத்தைக் கைவிடுவது நல்லது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களில் ஒரு பக்கத்தின் சுட்டிகளை மட்டும் தனியே பட்டியலிட்டுக் கேட்கும் வசதி உண்டு. அப்பட்டியலில் “இங்கே, இங்கே, இங்கே” என்று மட்டும் ஒலித்தால் கேட்பவர் எதைத் தெரிந்துகொள்வார்? சுட்டி எதற்கானது என்பது அதன் சொற்களாலோ சூழலாலோ விளங்க வேண்டும் என்பது 2008இல் வெளியான வலை உள்ளடக்க அணுகல்தன்மை நெறிமுறைகளிலேயே இடம்பெற்றுள்ளது. அதேபோல், பணம் பெற்றுக்கொண்டு தரும் சுட்டியை விளம்பரம் என்று தெரிவிக்காமல் தருவது வாசகரை ஏமாற்றுவது. அதில் வாதத்துக்கு இடமில்லை.

நாம் மறுத்து எழுதும் ஒருவருக்குச் சுட்டி தர வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. அப்போதுதான் கட்டாயம் தர வேண்டும் என்பது என் கருத்து. எதிர்த்தரப்பின் வாதத்தை நம் சொற்களில் சுருக்கிச் சொல்லும்போது, நமக்கு வசதியான வடிவத்தில் அதைச் சுருக்கிவிடும் ஆசை எவருக்கும் எழும். வாசகர் மூலத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பார்ப்பார் என்ற நினைப்பு அந்த ஆசைக்குக் கடிவாளம் போடும். அவதூறும் வெறுப்பும் பரப்புவதற்காகவே நடத்தப்படும் பக்கங்களுக்கு வாசகரை அனுப்ப வேண்டியதில்லை. அங்கே, ஏன் சுட்டி தரவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். சட்டச் சிக்கல் வருமோ என்று அஞ்சுவோருக்கும் ஒரு சொல். எவரும் தடையின்றிப் பார்க்கும்படி வெளியிடப்பட்ட பக்கத்தைச் சுட்டுவது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014இல் ஸ்வென்சன் வழக்கில் தீர்ப்பளித்தது. வெறுமனே சுட்டி தருவது அவதூறை வெளியிட்டதாகாது என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 2011இல் கூறியது. இவை எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் தீர்ப்புகள் அல்ல. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஆதாயத்துக்காகச் சுட்டுவது வேறு கதை. எனினும் நீதிமன்றங்கள் சுட்டியை எப்படிப் பார்க்கின்றன என்பதற்கு இவை நல்ல அடையாளங்கள்.

முன்பே சொன்ன குறைக்கு இப்போது வருகிறேன். சுட்டிகள் செத்துப்போகின்றன என்பது உண்மை. 2013ஆம் ஆண்டில் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு, பத்து ஆண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் இணையக் கட்டுரைகளில் உள்ள வெளிச்சுட்டிகளை ஹார்வர்டு சட்டப் பள்ளி ஆய்வாளர்கள் 2021இல் ஆராய்ந்தபோது, 1998ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் தரப்பட்டு, பிற தளங்களின் முகப்பை அன்றிக் குறிப்பிட்ட ஓர் உட்பக்கத்தைச் சுட்டியவற்றில் 72 விழுக்காடு செயலிழந்திருந்தன. இதைக் காட்டி, பிறகு எதற்குச் சுட்டி என்று கேட்பது சரியாகாது. சுட்டியோடு வேறு என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதே பொருத்தம். வலைப்பக்கங்களின் படிகளைச் சேமித்துவைக்கும் காப்பகமான, இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறுவனத்தின் வேபேக் மெஷின் 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. நாம் சுட்டும் பக்கத்தின் படியை அங்கே சேமித்துவைக்கச் சில நொடிகளே ஆகும். சுட்டும் பக்கத்தின் தலைப்பையும், எழுதியவர் பெயரையும், நாளையும் எழுத்திலேயே குறித்துவிட்டால், முகவரி மாறிய பின்னும் தேடிக் கண்டுபிடிக்க இயலும். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் வாதத்துக்கு அடிப்படையான இரண்டொரு வரிகளை மேற்கோளாகவே எடுத்துத் தர வேண்டும். வளையாபதிக் காப்பியம் முழுமையாக நம் கைக்கு வரவில்லை. புறத்திரட்டு என்னும் தொகை நூலும் பழைய உரைகளும் எடுத்தாண்ட பாடல்கள்தாம் இன்று அதன் பெயரில் மிஞ்சியிருக்கின்றன. மூலம் அழியும் என்று நினைத்து அவர்கள் அதைச் செய்திருக்க மாட்டார்கள், தாம் சொல்வதற்குச் சான்று காட்டவே செய்தார்கள். சான்று காட்டும் பழக்கமே காப்பகமாகவும் ஆயிற்று.

இவ்வளவும் வலைப்பதிவர்களை மனத்தில் கொண்டு எழுதினாலும், தங்கள் நாளிதழின் இணையப் பதிப்பிடமும் எனக்குக் கோரிக்கைகள் உண்டு. “தனியார் தொலைக்காட்சி ஒன்றுக்கு அளித்த பேட்டியில்” என்றும் “ஆங்கில நாளிதழ் ஒன்றில் வெளியான செய்தியின்படி” என்றும் எழுதும் மரபு, போட்டி நிறுவனத்தின் பெயரைச் சொல்லக் கூடாது என்ற பழைய மனநிலையில் பிறந்தது. பேட்டியின் முழுக் காணொளி பொதுவில் இருக்கும்போது அதை வாசகருக்குக் காட்டுவதால் தங்கள் மதிப்பு குறையாது; மறைப்பதால்தான், முன்பின் தொடர்பின்றி ஒரு வரியை மட்டும் உருவி எடுத்தார்களோ என்ற ஐயம் எழுகிறது. தீர்ப்புகள், அரசாணைகள், தேர்வு முடிவுகள், ஆய்வறிக்கைகள் பற்றிய செய்திகளின் இணைய வடிவில் மூல ஆவணத்துக்கான சுட்டியை ஆசிரியர் குழு கட்டாயமாக்கலாம். அச்சுப் பதிப்பில் தொட்டுத் திறக்க வழியில்லை என்றாலும், ஆவணத்தின் பெயர், எண், நாள் ஆகியவற்றைச் செய்தியின் இறுதியில் தரலாம். நீண்ட செய்திகளுக்குக் க்யூஆர் குறியீட்டையும் சேர்க்கலாம்.

இறுதியாக, தங்கள் தளமே மற்றவர்களால் சுட்டப்படும் இடம் என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். நாளிதழ்த் தளங்கள் புதிய வடிவத்துக்கு மாறும்போதெல்லாம் பழைய கட்டுரைகளின் முகவரிகள் மாறிவிடுகின்றன. அவற்றைச் சான்றாகக் காட்டி எழுதப்பட்ட வலைப்பதிவுகள், விக்கிப்பீடியாக் கட்டுரைகள், மாணவர்களின் ஆய்வேடுகள் அனைத்திலும் உள்ள சுட்டிகள் அன்றே முறிந்துபோகின்றன. பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்குத் தானாகவே திருப்பிவிடும் ஏற்பாடு எந்த வழங்கியிலும் (சர்வர்) செய்யக்கூடியது. வடிவமைப்பை மாற்றும் வேலையை ஒப்படைக்கும்போதே அதையும் நிபந்தனையாக எழுதிக்கொண்டால் தனிச்செலவு பெரிதாக இராது. அடுத்த முறை தளத்தைப் புதுப்பிக்கும்போது, இதுவரை வெளிவந்த கட்டுரைகள் அனைத்தும் அவற்றின் பழைய முகவரிகளிலேயே கிடைக்கும் என்று தாங்கள் முன்கூட்டியே அறிவித்தால், தங்களைச் சுட்டி எழுதிவரும் அனைவருக்கும் அது பேருதவியாக இருக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
நெடுநாள் வாசகர் ஒருவர்